ஊட்டியில் கொட்டும் மியூவான்கள்... முடிவில்லாத கணக்கை ஒரு 'கிண்ணம்' அடக்கியது எப்படி?

ஊட்டியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இயங்குகிறது 'கிரேப்ஸ்-3' ஆய்வு மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்த மையத்தில் உள்ள 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி, நாள்தோறும் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நுண்துகள்கள்தான் இவை.

ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில், ஒரு திசையில் வருகிறது. அப்படியிருக்க, எல்லாமே 'ஒரே வகைத் துகள்' என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதற்கு விடை லீ இயற்கணிதத்தில் இருக்கிறது.

லீ இயற்கணிதம்னா என்ன?

ஒரு பந்தை லேசாக, கண்ணுக்கே தெரியாத அளவு திருப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய நுண்ணிய அசைவுகளின் கணக்குதான் லீ இயற்கணிதம். 19-ம் நூற்றாண்டின் நார்வே கணிதவியலாளர் சோபஸ் லீயின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இடமும் காலமும் சேர்ந்த நம் உலகுக்கு இப்படி 10 அடிப்படை அசைவுகள் உண்டு: சுழற்சி 3, வேக மாற்றம் 3, இடத்திலும் காலத்திலும் நகர்தல் 4.

'முடிவிலாப் பரிமாணம்' எங்கே வருகிறது?

ஒவ்வோர் அசைவையும் ஓர் எண் அட்டவணையாக எழுதுவதற்குப் பெயர் 'பிரதிநிதித்துவம்'. பந்தின் சுழற்சிக்கு 3 வரிசை, 3 பத்தி போதும். ஆனால் மியூவான் எந்த வேகத்திலும் வரலாம் என்பதால், அதன் அட்டவணைக்கு முடிவே இல்லை. அதை எழுதி முடிக்க யாராலும் முடியாது.

வடிவியல் எப்படிக் கைகொடுத்தது?

1939-ல் யூஜின் விக்னர் வேறு வழியில் போனார். மியூவானுக்குச் சாத்தியமான எல்லா ஆற்றல்களையும் உந்தங்களையும் புள்ளிகளாக வைத்தால், அவை கிண்ணம் போன்ற ஒரு பரப்பில் அமரும். சுழற்றினாலும் வேகத்தை மாற்றினாலும் புள்ளி கிண்ணத்துக்குள்ளேயே நகருமே தவிர, வெளியே போகாது. எந்தக் கிண்ணம் என்பதைச் சொல்வது நிறை. அதோடு தற்சுழற்சியும் தெரிந்தால் போதும், முடிவில்லாத அட்டவணை முழுவதும் தீர்மானமாகிவிடும். எலக்ட்ரானைப் போல சுமார் 207 மடங்கு நிறை, தற்சுழற்சி அரை. மியூவானின் அடையாளம் அவ்வளவுதான்!

இந்தியர்களின் பங்கு

கான்பூரில் பிறந்த ஹரிஷ்-சந்திரா, 1943-ல் பெங்களூரு வந்து ஹோமி பாபாவிடம் ஆய்வு செய்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் டிராக்கின் வழிகாட்டுதலில், சுழற்சியும் வேக மாற்றமும் சேர்ந்த லோரன்ஸ் குலத்தின் முடிவிலாப் பிரதிநிதித்துவங்களை ஆராய்ந்து 1947-ல் முனைவர் பட்டம் பெற்றார். இத்துறையின் அடித்தளத்தில் பெரும்பகுதி அவர் போட்டது.

அடுத்த கேள்வி: ஒரு முடிவிலாப் பிரதிநிதித்துவத்துக்குள் எந்தெந்த அடிப்படைத் துண்டுகள், எத்தனை முறை இருக்கின்றன? 1979-ல் கஷ்தானும் லுஸ்டிக்கும் இதற்கு ஒரு விடையை ஊகித்தார்கள். 1981 வாக்கில் பெய்லின்சன்-பெர்ன்ஸ்டைன், பிரிலின்ஸ்கி-காஷிவாரா என இரு அணிகள் தனித்தனியே அதை நிரூபித்தன. இரண்டுமே கணக்கை 'கொடி வெளி' என்ற வடிவத்துக்கு மாற்றின. ஒரு புள்ளி, அதன் வழியே ஒரு கோடு, அந்தக் கோடு கிடக்கும் ஒரு தளம்... இந்த அடுக்குதான் ஒரு 'கொடி'. எல்லாக் கொடிகளும் சேர்ந்தது கொடி வெளி. அதற்குள் இருக்கும் ஷூபர்ட் வடிவங்களின் கூர்முனைகளிலும் மடிப்புகளிலும்தான் விடை ஒளிந்திருந்தது.

அதே ஷூபர்ட் வடிவங்களை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ்.சேஷாத்ரி. சென்னை கணிதவியல் நிறுவனத்தை உருவாக்கியவரும் அவரே. அவருடன் பணியாற்றிய லட்சுமிபாய், 1990-ல் சந்தியாவுடன் சேர்ந்து, இவற்றில் எவை மடிப்பில்லாதவை என்று கண்டறியும் எளிய விதியைத் தந்தார்.

இப்போது ஏன் பேசப்படுகிறது?

2025-ம் ஆண்டின் ஏபெல் பரிசு மசாகி காஷிவாராவுக்குக் கிடைத்தது. எழுதி முடிக்க முடியாத அட்டவணையை வடிவமாக மாற்றிப் படிக்கும் இந்த வழிக்கு அவர் ஆற்றிய பங்கும் அதற்கு ஒரு காரணம்.