‘முதியோர் நல மருத்துவம்’ – ஒரு கலைச்சொல்லின் பொருளும் வழக்கும்

முன்னுரை

மருத்துவக் கலைச்சொற்கள் பிறமொழிச் சொற்களுக்கு ஈடாக அமைபவை மட்டுமல்ல. நோயையும் நோயாளியையும் ஒரு சமுதாயம் எவ்வாறு நோக்குகிறது என்பதையும் அவை காட்டுகின்றன. ஆங்கிலத்தில் ‘ஜெரியாட்ரிக்ஸ்’ எனப்படும் மருத்துவத் துறை தமிழில் ‘முதியோர் மருத்துவம்’, ‘முதியோர் நல மருத்துவம்’ என வழங்குகிறது. இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுமை குறித்த தமிழ்ச் சொற்கள்

மூப்பு, முதுமை ஆகியன காலத்தால் முற்படுதல் என்னும் பொருளினின்று கிளைத்தவை. அகவையோடு தலைமையையும் இவை சுட்டும். ‘மூப்பன்’ ஊர்த் தலைவனையும் குறித்தது இதனாலேயாம். சங்கப் புலவர் ஒருவர் முதியோர் ஊன்றும் கோலால் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ எனப் பெயர் பெற்றார். ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் பிசிராந்தையாரின் பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது.

‘கிழவன்’ என்னும் சொல்லின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. தொல்காப்பியத்தில் அது உரிமையுடைய தலைவனைக் குறிக்கும். ‘கிழத்தி’ தலைவியைக் குறிக்கும். பிற்காலத்தில் அகவை முதிர்ந்தவரைச் சுட்டலான இச்சொல், இன்று ‘கிழம்’ என்ற வடிவில் இகழ்ச்சிப் பொருள் தருகிறது. உரிமையைச் சுட்டிய சொல் இழிபொருள் ஏற்றமை, முதுமை பற்றிய மனப்பாங்கு மாறியதன் அடையாளமாகும்.

காயகற்பமும் முதியோர் மருத்துவமும்

சித்த மருத்துவத்தின் காயகற்பத்தையும், வாகபடர் ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகக் கூறும் ‘ஜரா’ சிகிச்சையையும் இன்றைய முதியோர் மருத்துவத்தின் முன்வடிவங்களாகக் கொள்வதுண்டு. ஆயின் இவற்றின் நோக்கம் வேறு. காயகற்பம் நரை, திரை, மூப்பு ஆகியன அணுகாமல் உடலைக் காக்க முயல்வது; அங்கு மூப்பே பகை. முதியோர் மருத்துவமோ மூப்பை இயல்பென ஏற்று, மூத்தவர்க்கு வந்த நோயை நீக்க முற்படுவது. கற்ப மருந்துகளோடு தொடர்புடைய ‘முப்பு’ என்னும் சொல், மூன்று உப்பு எனப் பொருள் கூறப்படுவது. ஒலி ஒப்புமை கருதி அதனை ‘மூப்பு’ என்பதோடு இணைத்தல் பொருந்தாது.

மேலைநாட்டுச் சொல்லாக்கம்

‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்னும் சொல்லை 1909ஆம் ஆண்டு உருவாக்கியவர், வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர். மாணவராக இருந்தபோது, மூதாட்டி ஒருவரின் துன்பத்திற்கு முதுமையே காரணம், செய்வதற்கு ஒன்றுமில்லை என ஆசிரியர் கூறக் கேட்டதே அவரை இத்துறைக்குத் திருப்பியது என்பர். குழந்தைப் பருவம் போல முதுமையும் வாழ்வின் ஒரு பருவமே. அது நோயன்று என்பது அவர் கொள்கை. இத்துறை குறித்த அவருடைய நூல் 1914இல் வெளிவந்தது.

இச்சொல் முதுமை எனப் பொருள்படும் ‘கெராஸ்’, மருத்துவர் எனப் பொருள்படும் ‘இயட்ரோஸ்’ என்னும் கிரேக்கச் சொற்களால் ஆனது. 1903இல் மெச்னிகோவ் வழங்கிய ‘ஜெரண்டாலஜி’ என்னும் சொல்லோ, முதியவர் எனப் பொருள்படும் ‘கெரோன்’ என்பதன் அடியாகப் பிறந்தது. எனவே முதியவரைப் பேணும் துறை முதுமையின் பெயராலும், முதுமையை ஆராயும் துறை முதியவரின் பெயராலும் அமைந்துவிட்டன.

இங்கிலாந்தில் 1935 முதல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியோரை மார்ஜரி வாரன் தனித்தனியே ஆய்ந்து, பலரை நடமாடச் செய்தார். அங்கு 1947இல் முதியோர் பராமரிப்புக்கான மருத்துவச் சங்கமாகத் தோன்றிய அமைப்பு, 1959இல் பிரித்தானிய ஜெரியாட்ரிக்ஸ் சங்கம் எனப் பெயர் மாறியது. பின்னர் ‘ஜெரியாட்ரிக்’ பேச்சு வழக்கில் ஏளனச் சொல்லாயிற்று. மருத்துவமனைகள் பலவும் ‘முதியோர் பராமரிப்பு’ என்னும் பொருள்படும் பெயர்களை மீண்டும் நாடின. தமிழில் ‘கிழவன்’ அடைந்த வீழ்ச்சியை இச்சொல்லும் அடைந்தது எனலாம்.

தமிழ் வழக்கு

தமிழில் ஆய்வுத்துறை ‘மூப்பியல்’, ‘முதுமையியல்’ எனவும், மருத்துவத்துறை ‘முதியோர் மருத்துவம்’ எனவும் வழங்குகின்றன. முன்னது நிலையையும் பின்னது மக்களையும் சுட்டும். கிரேக்க வழிச் சொற்களில் இடம் மாறி நின்ற பொருள், தமிழில் உரிய இடத்தில் அமைந்துள்ளது. ‘முதியோர்’ என்பது உயர்திணைப் பலர்பாற் சொல்லாதலின் மதிப்பும் அதனுள் அடங்கும்.

தமிழகத்திற்கு வெளியே வேறு சொற்களும் உள்ளன. இலங்கைத் தமிழர் ‘வயோதிபர்’ என்பர். செகந்திராபாத்தின் போவன்பள்ளி போன்ற பகுதிகளில் வாழும் தமிழர் செவியில் விழும் தெலுங்குச் சொல் ‘விருத்தாப்யம்’. அதன் வடமொழி வேர் வளர்ச்சியைக் குறிப்பது.

துறையின் வளர்ச்சியோடு சொல்லும் வேரூன்றியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வ.செ. நடராசன் முயற்சியால் முதியோர்க்கான புறநோயாளர் பிரிவு தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் இத்துறைக்கான முதுநிலைப் பட்டப்படிப்பு ஏற்பட்டது. கிண்டியில் 2024 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட, 200 படுக்கைகள் கொண்ட நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர் முதுமையடைதலுக்கான தேசிய மையம் எனப் பொருள்படும். தமிழிலோ அது ‘தேசிய முதியோர் நல மருத்துவமனை’ என வழங்குகிறது. ஆங்கிலம் நிலையைக் கூற, தமிழ் மக்களையும் அவர்தம் நலத்தையும் கூறுதல் காண்க.

முடிவுரை

மூட்டுவலி, மறதி, தடுமாறி விழுதல் ஆகியவற்றை ‘வயதானால் அப்படித்தான்’ என ஒதுக்கும் வழக்கம் இன்றும் இல்லங்களில் உண்டு. நாஷர் மறுத்த கருத்தும் அதுவே. நோயை முதுமையென மயங்கினால், தீர்க்கத்தக்க துன்பமும் தீராமலே நிற்கும். ‘முதியோர் நல மருத்துவம்’ என்னும் தொடர் இம்மயக்கத்திற்கு இடந்தரவில்லை. மருந்து முதுமைக்கு அன்று, முதியோர்க்கே என்பதை அதன் முதற்சொல் உணர்த்துகிறது. எனினும் ‘கிழவன்’ என்னும் சொல்லின் வரலாறு, சொல்லின் மதிப்பு வழங்குவோர் மனத்தைப் பொறுத்தது என்பதையும் காட்டுகிறது. முதியோரைப் புறக்கணிக்கும் சமுதாயத்தில் இச்சொல்லும் ஒருநாள் தாழக்கூடும். பேணும் சமுதாயத்திலேயே அதன் பொருள் நிலைபெறும்.