சாவா மூவா ஆடுகள்

"திருச்சுழிப் பக்கம் பாக்க என்னப்பா இருக்கு? வெறும் கருவேலங்காடுதானே!" கல்லூரி நாட்களில் நாம் எல்லோரும் சொன்னதுதான்.

1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியைத் தேடி உலகமே திருவண்ணாமலைக்குப் போகிறது. பிறந்த ஊருக்கும் சிலர் வருகிறார்கள். பக்கத்திலுள்ள பள்ளிமடத்துக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அங்குள்ள பழைய சிவன் கோயிலில் 10-ஆம் நூற்றாண்டு வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயில் விளக்குக்கு ஆடுகளைத் தானம் கொடுத்த செய்தி அவற்றில் வருகிறது. விளக்குக்கு எதற்கு ஆடு? மேய்ப்பவர் மந்தையை வைத்துக்கொண்டு, தினமும் நெய் அளந்துவிட வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி ஈடுகட்டும். "சாவா மூவாப் பேராடு" என்று அக்காலக் கல்வெட்டுகள் சொல்வது இதைத்தான். வட்டியில் விளக்கெரியும், முதல் அப்படியே நிற்கும்! வானம் பார்த்த பூமிக்கு ஏற்ற பேங்க்.

சுண்ணாம்பு பூசியும், திருப்பணி என்று கல்லை மாற்றியும் பல ஊர்களில் இப்படிப்பட்ட எழுத்துகள் அழிந்துவிட்டன. மாணவத் தம்பி தங்கைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் பஸ் ஏறுங்கள். நாலு பேர் வந்து பார்க்கிற கல்லை யாரும் லேசில் பெயர்த்துவிட மாட்டார்கள்.