டயல்-அப் மோடம்களின் அறிவிக்கப்பட்ட வேகமும் மெய்வேகமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தொலைபேசிக் கம்பிவழி இணையம் பயன்படுத்தப்பட்ட காலத்துப் பதிவுகளில் ‘இணைப்பு வேகம்’ என ஓர் எண் இடம்பெறுகிறது. கணினிக்கும் மோடத்திற்கும் இடையிலான வேகம், இரு மோடம்களுக்கு இடையிலான வேகம், தரவு உண்மையில் வந்துசேர்ந்த வேகம் ஆகிய மூன்றும் இப்பெயராலேயே வழங்கின. அமெரிக்கச் சூழலை மையமாகக் கொண்டு, இவ்வேறுபாடு தோன்றிய முறையையும் பதிவான எண்ணிலிருந்தே அதன் பொருளை அறியும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மோடம், டயல்-அப், இணைப்பு வேகம், வி.90, சான்றாய்வு

முன்னுரை

இணையப் பரவலின் வரலாற்றை எழுதுவோர்க்கு 1990களின் வேகப் பதிவுகள் முதன்மைச் சான்றுகளாகும். அவற்றை ஆராயாமல் ஏற்றால், 26,400 பிட் வேகத்தில் இணைந்திருந்த ஒருவர் 115,200 பிட் வேகம் பெற்றவராக வரலாற்றில் இடம்பெற்றுவிடுவார். ஆகவே எண்ணை எடுத்தாளுமுன் அது எதன் வேகம் என வினவுதல் இன்றியமையாதது.

பாட், பிட் மயக்கம்

இம்மயக்கம் 1990களுக்கு முற்பட்டது. 1962இல் வெளிவந்த பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. ஒவ்வொரு குறிகை மாற்றமும் ஒரு பிட்டையே சுமந்ததால் அதை 300 பாட் என்றதும் பிழையன்று. பின்னர் வந்த பெல் 212ஏ நொடிக்கு 600 முறை குறிகையை மாற்றி, ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு பிட் ஏற்றியது. அது 600 பாட் மோடமே. ஆயினும் ‘1200 பாட்’ என்னும் வழக்கே நிலைத்தது.

திரையில் தோன்றிய எண்

ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் 1981இல் வெளிவந்தது. இணைப்புக் கிடைத்ததும் ‘கனெக்ட்’ என்று கணினிக்கு அறிவிக்கும் முறை அதன்வழிப் பரவியது. பின்வந்த மோடம்கள் அச்சொல்லுடன் வேகத்தையும் சேர்த்தன. தொடக்கத்தில் கணினியின் சீரியல் போர்ட் வேகமும் கம்பியின் வேகமும் ஒன்றாகவே இருந்தமையால் சிக்கல் எழவில்லை.

1990இல் வந்த வி.42 பிஸ் தரப்பாடு, ஏற்ற தரவை நான்கில் ஒரு பங்குவரை சுருக்க வழிசெய்தது. கம்பியில் 28,800 பிட் வேகத்தில் வரும் சுருக்கிய தரவை விரித்துக் கணினிக்குக் கொடுக்க 115,200 பிட் வேகம் வேண்டும். எனவே போர்ட்டின் வேகம் உயர்த்தி நிலைநிறுத்தப்பட்டது. இரண்டில் எதை அறிவிப்பது என்பதை மோடத்தின் அமைப்புக் கட்டளையே முடிவுசெய்தது. பல மோடம்களில் ‘டபிள்யூ0’ போர்ட்டின் வேகத்தையும் ‘டபிள்யூ2’ கம்பியின் வேகத்தையும் அறிவிக்கச் செய்தன. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவை மோடம் தந்த எண்ணையே பயனருக்குக் காட்டின.

56,000 என்னும் உச்சவரம்பு

எண்மத் தொலைபேசி வலையமைப்பு குரலை நொடிக்கு 8,000 முறை மாதிரியெடுக்கிறது. மாதிரிக்கு 7 பிட் பயன்படுமெனக் கொண்டால் 56,000 பிட் கிடைக்கும். 1997இல் போட்டியிட்ட எக்ஸ்2, கே56ஃபிளெக்ஸ் முறைகளும், 1998இல் அவற்றுக்குப் பொதுவாக அமைந்த வி.90 தரப்பாடும் இக்கணக்கைச் சார்ந்தவை. ஆனால் அமெரிக்காவில் குறிகையின் ஆற்றலுக்கு இருந்த சட்ட வரம்பால் ஏறத்தாழ 53,333 பிட்டே உச்சமாயிற்று. கம்பியின் நீளமும் இரைச்சலும் அதை மேலும் குறைத்தன. வழியில் கூடுதலாக ஓர் எண்ம மாற்றம் நிகழ்ந்தால் இணைப்பு பழைய வி.34 முறைக்கே இறங்கியது. மேலும், இவ்வெண்கள் தரவிறக்கத்திற்கு மட்டுமே உரியன, வி.90இல் தரவேற்றத்தின் உச்சம் 33,600 பிட்டே.

கோப்பு வந்துசேர்ந்த வேகம்

கம்பியின் வேகம் சரியாகவே அறிவிக்கப்பட்டாலும் அது இணைந்த கணத்திற்கு மட்டுமே உரியது. இரைச்சல் மிகுந்தால் மோடம்கள் இணைப்பைத் துண்டிக்காமலே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. திரையிலிருந்த எண்ணோ மாறவில்லை. ஏற்கெனவே சுருக்கப்பட்ட 1,048,576 பைட் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பைட்டிற்கும் தொடக்க, நிறுத்த பிட்களைச் சேர்த்து 10 பிட் எனக் கொண்டால், 115,200 என்னும் எண் 91 நொடியை எதிர்பார்க்கச் செய்யும். கம்பியின் வேகம் 44,000 ஆயின், பைட்டிற்கு 8 பிட் எனக் கொண்டாலும் குறைந்தது 191 நொடி ஆகும்.

எண்ணே தரும் சான்று

இவ்வேகங்கள் படிநிலைகளாக வகுக்கப்பட்டவை என்பது ஆய்வாளருக்குத் துணைசெய்கிறது. வி.34 வேகங்கள் 2,400இன் மடங்குகள்: 26,400, 28,800, 31,200, 33,600. வி.90 வேகங்கள் 28,000இல் தொடங்கி 1,333⅓ வீதம் உயர்பவை: 44,000, 45,333, 49,333. 38,400, 57,600, 115,200 ஆகியன இவ்விரு வரிசைகளிலும் இல்லை. அவை போர்ட்டின் வேகங்கள். 19,200 போன்ற எண்கள் இருவகைக்கும் பொருந்துமாதலால் வேறு சான்று வேண்டும்.

முடிவுரை

டயல்-அப் காலத்தின் வேகப் பதிவுகள் பொய்யானவை அல்ல; ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்து வேகத்தை உள்ளபடியே கூறியது. எந்த இடம் என்பதை அது கூறாமையே பிழைக்கு இடமளித்தது. போர்ட்டின் எண்களை விலக்கி, எஞ்சியவற்றை இணைப்புக் கணத்தின் உச்சமாக மட்டும் கொள்வதே இப்பதிவுகளைச் சான்றாக்கும் முறையாகும். அங்ஙனம் கொள்ளும்போதுதான் ஒரே விலையில் ஒரே ‘56கே’ மோடத்தை வாங்கியோர், தத்தம் வீட்டுக் கம்பியின் தரத்திற்கேற்ப வெவ்வேறு இணையத்தைப் பெற்றனர் என்னும் உண்மை புலப்படும்.