ஷராபும் சர்பத்தும்

'ஷரிப' என்னும் அரபுச் சொல்லுக்குப் பருகினான் என்பது பொருள். ஷராப், ஷர்பத் என்னும் இரு சொற்களும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. அரபியில் பருகும் பொருள் எதற்கும் பெயரான ஷராப், பாரசீகத்திலும் உருதுவிலும் மதுவுக்குப் பெயராயிற்று. மேனாட்டார் பழத்தோலையும் வாசனைப் பொருள்களையும் சாராயத்தில் ஊறவைத்து, இனிப்புச் சேர்த்து, வீட்டிலேயே 'லிக்யூர்' செய்வர். நம் தாய்மாரோ நன்னாரி வேரைச் சர்க்கரைப் பாகில் சேர்த்துச் சர்பத் செய்வர். இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எது?

மதீனத்து வரலாறு அதனைக் காட்டுகிறது. அங்கே பேரீச்சங்காயைப் புளிக்கவைத்த 'ஃபளீக்' என்னும் மது வீடுகளில் வழங்கிற்று. மதுவிலக்கு அறிவிப்பு வந்த வேளையில் அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் அதனைப் பரிமாறிக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள். மது உடனே கொட்டப்பட்டது; தெருக்களில் ஓடிற்று. ஆயினும் பேரீச்சை ஊறிய இனிய நீராகிய 'நபீத்' விலக்கப்படவில்லை. நாயகம் (ஸல்) அவர்களுக்கென ஊறவைத்த நபீத், மூன்றாம் நாளைக் கடந்து வைக்கப்படுவதில்லை. சுரைக்குடுவை, கீல் பூசிய கலம் முதலியவற்றில் ஊறவைப்பது தொடக்கத்தில் தடுக்கப்பட்டிருந்தது. பின்னர்க் கலங்கள் அனுமதிக்கப்பட்டு, போதை தருவதே ஹராம் என்பது நிலைபெற்றது.

இந்த நுட்பத்தை நம் பனையேறிகளும் அறிவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாது விட்டால் கள். மரம் ஒன்றே, பாளையும் ஒன்றே!

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாள் 1937 அக்டோபர் 1. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அன்று இம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அதனைக் கொணர்ந்த இராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, மதுவுக்கெதிராக 'விமோசனம்' என்னும் இதழும் நடத்தியவர். கள்ளின் வருவாய் போனதை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசின் 'டாஸ்மாக்' நிறுவனமே நடத்தி வருகிறது.

சட்டம் வரும், போகும். கடை இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் கள்ளச்சாராயம் ஒழிந்தபாடில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வரும் வெல்லம் பானகத்துக்கும் ஆகும், ஊறலுக்கும் ஆகும். அது எதற்கு ஆகவேண்டும் என்பதை மண்டி தீர்மானிப்பதில்லை. மதீனத்தில் ஜாடிகளைக் கவிழ்த்தவர்கள் காவலர்கள் அல்லர், அவ்வீட்டாரே. நம் பிள்ளைகள் கையில் எந்தக் கிண்ணம் இருக்க வேண்டும் என்பதும் நம் வீடுகளில்தான் முடிவாக வேண்டும்.