துறைமுகத்தை வைத்தாடிய சூது

போக்கர் ஆடுவோர் அறிந்த விதி ஒன்றுண்டு. எதிராளியிடம் ஒரே இனச் சீட்டுகள் நான்கு சேர்ந்துவிட்டன. ஐந்தாவதற்காகக் கடைசிச் சீட்டை எதிர்பார்த்திருக்கிறான் என்று கொள்வோம். நாம் காணாத 46 சீட்டுகளில் அவனுக்கு உதவுபவை 9. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவே 100 ரூபாய் கிடக்க நாம் 10 ரூபாய் மட்டும் வைத்தால், 110 ரூபாயை வெல்ல அவன் 10 ரூபாய் கொடுத்தாற் போதும். ஆடுவது அவனுக்கு இலாபம். நாம் 50 வைத்தாலோ, 150 ரூபாய்க்காக 50 கொடுப்பது அவனுக்கு நட்டம். காத்திருப்பவனை மலிவாகக் காத்திருக்க விடலாகாது.

1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்த ஆங்கிலேயர் இவ்விதியை மறந்தனர். கோட்டைகளைக் காக்கச் சிறுபடையே இருந்தது. அட்மிரல் ஹியூஸின் கப்பல்களோ சென்னையில் தங்கின. நல்ல துறைமுகமின்றி அலைந்த பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் காத்திருந்த சீட்டு இதுவே. ஆகஸ்டு இறுதியில் அவர் படையிறக்கினார். சில நாட்களில் கோட்டைகள் சரணடைந்தன. செப்டெம்பர் 2ஆம் நாள் ஹியூஸ் வந்து சேர்ந்தபோது அங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. மறுநாள் நடந்த கடற்போரும் அதை இறக்கவில்லை.

சமாதான உடன்படிக்கையின்படி துறைமுகம் மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்றது. 1795இல் ஆங்கிலேயர் பெரும்படையுடன் வந்து அதைக் கைப்பற்றினர். கடற்படைத் தளத்தை 1957 வரை விடவில்லை.

ஆனால் பணயப் பொருள் யாருடையது? கொட்டியாரக் குடாவில் வலைவீசியவனையும் கரையில் வயல் உழுதவனையும் எவரும் கேட்கவில்லை. என்னைப் பணயம் வைக்க உமக்கேது உரிமை என்று பாஞ்சாலி சபை நடுவே கேட்டாள். திருகோணமலை மக்களுக்கு அச்சபையிற்கூட இடமிருக்கவில்லை.