அட்டவணையில் இல்லாத கலவை: திருப்பூர் சாயக்கழிவுக் குழாய்களின் வேதித் தாங்குதிறன்

2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீர் வெளியேற்றம் அறவே கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அவை பின்னர் படிப்படியாகத் திறந்தன. இன்று கழிவுநீர் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது குழாயில்தான். அந்தக் குழாயில் விழும் கீறல் ஒவ்வொன்றும் நொய்யல் ஆற்றுப் படுகைக்கு ஆபத்து.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு வேண்டும். அந்த உப்பிலுள்ள குளோரைடு, 304 ரக எவர்சில்வரையே குழிகுழியாக அரிக்கும். எனவே பி.வி.சி.யும், எச்.டி.பி.இ. எனும் அடர் பாலிஎத்திலீனும் தவிர்க்க முடியாதவை. எதை எங்கே போடுவது என்பதைப் பெரும்பாலும் வேதித் தாங்குதிறன் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அது போதாது.

அட்டவணை பொதுவாக ஒரு வேதிப்பொருளுக்கு, ஒரு செறிவில், ஒரு வெப்பநிலையில் விடை சொல்கிறது. பெரும்பாலும் சுமையேதும் ஏற்றாத துண்டுகளை ஊறவைத்துப் பெற்ற விடை அது. பட்டறைச் சாக்கடையில் காஸ்டிக், உப்பு, பெராக்சைடு, துணியை நனையவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் எல்லாம் ஒன்றாக, சூடாக ஓடுகின்றன. எச்.டி.பி.இ.க்குக் காஸ்டிக்கும் உப்பும் ஒரு பொருட்டல்ல. வெட்டிங் ஏஜென்டின் கதை வேறு. அது பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை, எடையையும் மாற்றுவதில்லை. குழியில் வளைத்துத் திணித்த குழாயில் இழுவிசை நிற்கும் இடமாகப் பார்த்து நுண்கீறலை வளர்க்கிறது. பாலிஎத்திலீனின் கீறல் தாங்குதிறனைச் சோதிக்கும் ஆய்வகங்களே இதற்காகப் பெரும்பாலும் டிடர்ஜென்ட் கரைசலைத்தான் பயன்படுத்துகின்றன.

பி.வி.சி.யின் எதிரி சூடு. பெராக்சைடு சலவை 95 டிகிரியை ஒட்டி நடக்கிறது. 60 டிகிரியிலேயே பி.வி.சி. குழாயின் அழுத்தத் தாங்குதிறன், அறை வெப்பநிலையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். காஸ்டிக்கைத் தாங்கும் என்று அட்டவணை சொல்வது உண்மைதான். அந்தச் சூட்டில் குழாய் அழுத்தத்தைத் தாங்காது.

இணைப்புகளை இன்னும் கவனிக்க வேண்டும். பி.வி.சி. ஒட்டும் சொல்யூஷனைக் கெட்டியாக்கப் பல தயாரிப்புகளில் நுண் சிலிக்கா சேர்க்கிறார்கள். காஸ்டிக்கும், ஹைப்போ எனும் சலவைத் திரவமும் அந்தச் சிலிக்காவைக் கரைத்து வழி உண்டாக்கும். குழாய் புதுசாகவே இருக்கும்; எல்போவில் கசியும்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பதும் சரியல்ல. அமிலத்தைத் தாங்குவதற்குப் பெயர்பெற்ற பி.வி.டி.எஃப். பிளாஸ்டிக், செறிந்த காஸ்டிக்கில் வெடிப்பு விடும்.

ஆகவே ஒவ்வொரு பொது சுத்திகரிப்பு நிலையமும் தன் சேகரிப்புத் தொட்டியிலேயே சோதனைத் துண்டுகளைத் தொங்கவிட வேண்டும். வளைத்துக் கட்டிய துண்டும் சொல்யூஷன் போட்டு ஒட்டிய எல்போவும் அவற்றில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை எடுத்து, எடையோடு நிறுத்தாமல் கீறலையும் வலிமையையும் அளந்து, முடிவுகளை எல்லோருக்கும் வெளியிட வேண்டும். கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. திருப்பூர், பெருந்துறை நிலையங்களோடு சேர்ந்து இந்தப் பணியை அவை ஏற்க வேண்டும்.