எண்ணும் உரிமை: புள்ளியியல் முதுகலைப் பட்டம் கடந்து வந்த பாதை

செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையினால் பெயர் பெற்றது நமது செவ்வாய்ப்பேட்டை. லீ பஜார் மண்டிகளில் மூட்டைகளை எண்ணுவதும், வெள்ளிப் பட்டறைகளில் எடை நிறுத்துக் கணக்கெழுதுவதும் இங்குத் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில்கள். மூட்டை சுமந்த தோள்கள் பெரும்பாலும் நம்மவருடையவை. கணக்கேட்டைப் பிடித்த கைகள் பெரும்பாலும் பிறருடையவை. எண்ணப்படுவோர் ஒருபுறம், எண்ணுவோர் மறுபுறம் என்ற இப்பிரிவினை சந்தையோடு நின்றதா? இல்லை. அரசின் ஏடுகளிலும் அதுவே நிலவியது. ஆகவே, எண்ணும் கலையை முறையாகக் கற்பிக்கும் புள்ளியியல் முதுகலைப் பட்டம் எவ்வாறு தோன்றிற்று, அதனைப் பெற அன்று என்ன வேண்டியிருந்தது, இன்று என்ன வேண்டும் என்பவற்றை இவ்வெள்ளி விழா மலரில் எழுதுவது பொருத்தமே எனக் கருதுகிறேன்.

எண்ணிக்கையும் நம் மக்களும்

எண்ணிக்கை நம் மக்களின் வாழ்வை எத்துணை ஆழமாகத் தொட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். 1932-ல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழுவின் முன்னிலையில், தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்ற கேள்வியே பெரும் போராட்டமாயிற்று. சில மாகாணங்களிலிருந்து வந்த கணக்குகள் அத்தொகையை மிகவும் குறைத்துக் காட்டின. குழுவின் உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. தமது கருத்தைத் தனிக் குறிப்பாகவே எழுதி அளித்தார். தொகை குறைந்தால் சட்டமன்ற இடங்களும் குறையும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அதே ஆண்டில் கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில் மாகாணச் சட்டமன்றங்களில் நமக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் 148. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது வெறும் கூட்டல் கழித்தல் அன்று, மக்களின் உரிமை.

பட்டம் பிறந்த கதை

புள்ளியியல் தனித்துறையாகப் பல்கலைக்கழகத்துள் நுழைந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1911-ல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கார்ல் பியர்சன் தலைமையில் பயன்பாட்டுப் புள்ளியியல் துறை தொடங்கியது. நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். இயற்பியல் பேராசிரியராயிருந்த அவர் 1931 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1941-ல், கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கிற்று. இந்தியாவில் அத்தகைய வகுப்பு அதுவே முதலாவது.

அவ்வகுப்பில் சேர்ந்தவர்களுள் ஒருவர் சி. ஆர். ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் எம்.ஏ. முடித்திருந்த அவர், போர்க்கால வேலையொன்றுக்கான நேர்காணலுக்காகக் கல்கத்தா சென்றார். வேலை கிடைக்கவில்லை, ஆனால் புள்ளியியல் நிறுவனத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அங்குப் பயிற்சிக்குச் சேர்ந்து, 1943-ல் கல்கத்தாவின் எம்.ஏ. பட்டத்தை முதல் வகுப்பில் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1945-ல், தமது 25-ஆம் வயதில் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிவு இன்றும் உலகெங்கும் முதுகலை மாணவர் கற்கும் பாடமாக விளங்குகிறது. 2023-ல், தமது 102-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று அப்பட்டத்திற்கு ஏட்டில் எழுதப்பட்ட தகுதி, கணிதத் தேர்ச்சி. எழுதப்படாத தகுதிகளோ பல: ஆங்கிலம், கல்கத்தா வரையிலான பயணச் செலவு, வேலையின்றி ஈராண்டு படிக்க வைக்கும் குடும்பம். 1941-ல் நம் சேலம் வட்டாரத்துச் சேரிகளில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்த வீடு ஒன்றையேனும் காண்பது அரிதாயிருந்திருக்கும்.

சென்னையில் ஆனர்ஸ் காலம்

சென்னை மாநிலத்தில் புள்ளியியல் ஆனர்ஸ் வகுப்பாக வளர்ந்தது. ஆனர்ஸ் என்பது இடைநிலை வகுப்புக்குப் பின் மூன்றாண்டுகள் ஒரே பாடத்தை ஆழ்ந்து கற்பது. அதனை முடித்தவர் பின்னர் எம்.ஏ. பட்டம் பெறும் வழக்கம் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1959-ல் புள்ளியியல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, 1960-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பெற்ற எஸ். ஆர். சீனிவாச வரதன், பின்னர்க் கல்கத்தா சென்று சி. ஆர். ராவிடம் ஆய்வு செய்து 1963-ல் முனைவரானார். 2007-ல் கணிதத்தின் உயர்ந்த விருதான ஏபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. தமிழ் மண்ணின் கல்லூரியொன்றில் கற்ற புள்ளியியல் உலகின் உச்சிவரை கொண்டு செல்ல வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இதே காலத்தில் சட்டமும் துணை நின்றது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகிப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 1960 முதல் பி.ஸ்டாட்., எம்.ஸ்டாட். வகுப்புகள் நடைபெறலாயின. 1961-ல் இந்தியப் புள்ளியியல் பணி என்னும் மத்திய அரசுப் பணி அமைக்கப்பெற்றது. பட்டம் பெற்றவருக்குப் பதவியும் காத்திருந்தது.

நமக்கு அடைபட்ட வாயில்

அந்த வாயில் நம் பிள்ளைகளுக்கும் திறந்திருந்ததா? உதவித்தொகை இல்லாமலில்லை. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த நாளில், 1944-ல், பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1951-ல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு அரண் செய்தது. 1971-ல் தமிழ்நாட்டில் நமக்கான ஒதுக்கீடு 18 விழுக்காடாக உயர்ந்தது. இத்தனை இருந்தும் புள்ளியியல் வகுப்புகளில் நம்மவரைக் காண்பது அருமையாயிற்று. காரணம் கல்லூரி வாயிலில் இல்லை. அதற்குப் பல படிகள் கீழே இருந்தது.

என் அனுபவத்தையே கூறுகிறேன். நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது கணிதம் இரு வகையாக இருந்தது: பொதுக் கணிதம் ஒன்று; அதனினும் விரிந்த காம்போசிட் கணிதம் மற்றொன்று. காம்போசிட் பிரிவில் சேர விரும்பி ஆசிரியர் முன் நின்றேன். "உனக்கு எதற்கப்பா அது? பொதுக் கணக்கே போதும்" என்றார் அவர். வைததுமில்லை, விரட்டியதுமில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பான சொல்லால் புகுமுக வகுப்பில் கணிதப் பிரிவு எனக்குக் கிட்டாமற் போயிற்று. அதனால் பட்ட வகுப்பில் கணிதமும் புள்ளியியலும் கிட்டாமற் போயின. ஒதுக்கீடும் உதவித்தொகையும் எனக்காக மேல்மாடியில் காத்திருந்தன. ஏணியின் கீழ்ப்படி மட்டும் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. அப்பள்ளியின் பெயரை எழுதிப் பயனில்லை. எத்தனையோ பள்ளிகளில் இது நடந்தது.

இன்று வேண்டுவன

1978-ல் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலைக் கல்வி வந்தது. 1997-ல் சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தை நம்பியிருந்த சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகள் அதனோடு இணைந்தன. புள்ளியியல் முதுகலை கற்க இன்று நம் பிள்ளைகள் கல்கத்தா செல்ல வேண்டியதில்லை; பேருந்தேறினால் போதும்.

பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டிய படிகளை வரிசையாகக் கூறுகிறேன். முதலாவது, பதினோராம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவில் சேர்தல். இரண்டாவது, புள்ளியியலில் பி.எஸ்ஸி., அல்லது புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொண்ட கணிதப் பட்டம். துணைப்பாடத் தேர்வில் கவனம் தவறினால் பின்னர் சில பல்கலைக்கழகங்களில் விண்ணப்பமே ஏற்கப்படாது. மூன்றாவது, ஈராண்டு, நான்கு பருவங்கள் கொண்ட எம்.எஸ்ஸி. படிப்பு. நிகழ்தகவுக் கோட்பாடு, அணி இயற்கணிதம், பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, கூறெடுப்பு, சோதனைத் திட்டமைப்பு, பல்மாறிப் பகுப்பாய்வு ஆகியன அதன் தூண்கள். இவற்றோடு கணிப்பொறிச் செய்முறையும், இறுதியில் ஓர் ஆய்வுத் திட்டமும் சேரும். தேர்ச்சிக்குப் பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட். படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு; சேர்ந்தோருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. ஐ.ஐ.டி.க்களுக்குக் கணிதப் புள்ளியியல் தேர்வு வேறாக நடைபெறுகிறது.

இப்படிகளுள் மிகச் செங்குத்தானது முதல் படியே. பதினைந்து வயதில் "உனக்கு எதற்கப்பா கணிதம்?" என்று எவரேனும் கேட்டால், மறுமொழி சொல்ல ஒரு பெரியவர் அப்பிள்ளையின் அருகில் நிற்க வேண்டும். நம் கல்விச் சங்கம் போன்ற அமைப்புகள் ஆற்றத்தக்க அரும்பணி அதுவே.

ஏன் நமக்கு இது வேண்டும்?

வேலைவாய்ப்பு ஒரு காரணம். அதனினும் பெரியது வேறொன்று. 2009-ல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு, 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. வேலையிலும் கல்வியிலும் அவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே அதற்கு அடிப்படையாயிற்று. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீட்டை ஏற்றபோதும், அதற்குத் தக்க தரவுகள் வேண்டும் என வலியுறுத்தியது. 1931-க்குப் பின் எல்லாச் சாதியினரும் முழுமையாகக் கணக்கெடுக்கப்படவில்லை. வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என மத்திய அரசு 2025-ல் அறிவித்துள்ளது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் நம்மவர். அவ்வேடுகள் திறக்கப்படும் நாளில் அவற்றைப் படிக்கவும், பிழை கண்டால் சுட்டவும், மெய்யான கணக்கை மன்றத்தில் நிறுவவும் வல்லவர்கள் நம்முள் எத்தனை பேர் இருப்பர்?

அம்பேத்கர் அன்று தனியொருவராய் நின்று ஓர் எண்ணுக்காக வாதிட்டார். இனி அவ்வாதத்தை நடத்த ஒருவர் போதார். மூட்டை சுமந்த தோள்களின் பேரப்பிள்ளைகள் கணக்கேட்டைக் கையில் ஏந்த வேண்டும். அதற்கான முதற்படி, வரும் ஜூன் மாதம் ஏதோ ஒரு பள்ளியின் சேர்க்கை மேசையில் வைக்கப்பட்டிருக்கும். அங்கே நம் பிள்ளைகளோடு நாமும் சென்று நிற்போமாக.